பன்னிரண்டு நிமிட பிஸ்கட்டும் பதினான்காவது வாரமும்

ஏழு ரோடு, கொடைக்கானல்
4-5-2025, ஞாயிறு

அன்புள்ள ராஜகுமாரிக்கு,

மதினி எழுதுவது. பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடாதே. உன் அம்மா வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு, காகிதச் சாம்பல் பர்னரை அடைத்துக்கொள்ளும்.

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய் என்பதை நான்கு நாள் நான் நம்பவே இல்லை. அய்யம்பாளையத்தில் டவர் விழுந்துவிட்டது போல என்று பழக்கடை முத்துராஜிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மனுசன் சும்மா இருக்காமல் தன் போனில் உன் நம்பரைப் போட்டார். இரண்டாவது மணி அடிக்கும்போதே "யாருங்க?" என்று உன் குரல். "ராங் நம்பருங்க" என்று வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். டவர் நிமிர்ந்துதான் நிற்கிறது, விழுந்தது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆண்டனியிடம் சொல்லிவிடச் சொன்னேன். உன் புருசன், என் தம்பி, வாயைத் திறந்து சொன்ன ஒரே வாசகம்: "ஒங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் என்ன ஸ்பீடு பிரேக்கரா?" வேனை எடுத்துக்கொண்டு டூரிஸ்டுகளோடு போய்விட்டான். அதனால்தான் கடிதம். வத்தலக்குண்டு பஸ் கண்டக்டர் பொன்னுவேல் கொண்டுவந்து தருவார். உறைக்கு டிக்கெட் உண்டா என்று கேட்டேன். "ஒறைக்கு வேண்டாம்க்கா, ஒங்க வாய்க்குத்தான் லக்கேஜ் போடணும்" என்றார். பார், ஊருக்கே என் பெருமை தெரிந்திருக்கிறது.

சரி, நான் செய்த குற்றம்தான் என்ன? சர்ச்சில் நன்றிப் பூசைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்து உன் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது, அதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லக் கூடாதா? உபதேசியார் கஸ்பார் அண்ணன் அதைப் பூசைக்கு முன்னால் மைக்கில் எழுத்து விடாமல் வாசிப்பார் என்று நான் கண்டேனா? நல்ல செய்திதானே ராஜி. அதற்கு அன்று மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு மலை இறங்குவார்களா?

பிஸ்கட் கடை நிலவரம் கேள். நீ காலையில் மாவைப் பிசைந்து, உருட்டி, பிளாஸ்டிக் தாளில் குழவி மாதிரி சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாய். ஆள் வர வர நான் வட்டம் வட்டமாக வெட்டி, மேலே பேரிக்காய் ஜாமோ கருப்பட்டிப் பாகில் புரட்டிய மலைவாழையோ வைத்து, பன்னிரண்டு நிமிடத்தில் சுடச்சுட நீட்டுவேன். எனக்குத்தான் பேர், வேலை உன்னுடையது என்பது இந்த ஒரு வாரத்தில் எனக்கும் தெரிந்தது, வாங்குகிறவனுக்கும் தெரிந்தது. என் கை சூடு. மாவைத் தொட்டாலே வெண்ணெய் உருகி ஒழுகுகிறது. நேற்று ஒரு மதுரைக்காரர் கடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது ஆறினதுக்கப்புறம் திங்கணுமா, ஊறினதுக்கப்புறம் திங்கணுமா?" என்று கேட்டார்.

சாப்பிடுகிறாயா? அதையாவது ஒரு வரி எழுது.

உன் மதினி,
ஆக்ஸிலியா


அய்யம்பாளையம்
8-5-2025

மதினிக்கு,

கடிதம் கிடைத்தது. அடுப்பில் போடவில்லை.

நல்ல செய்திதானே என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் தடவை ஒன்பதாவது வாரத்தில் போனது. இரண்டாவது தடவை பதினான்காவது வாரத்தில். அப்போது எல்லாருக்கும் தெரியும். போன பிறகு, வாழ்த்துச் சொன்ன ஒவ்வொருவரிடமும் நான்தான் திரும்ப இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. மீன் வாங்கும் இடத்தில், ஜெராக்ஸ் கடையில், பஸ்ஸில். "எத்தனையாவது மாசம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நான் பதில் சொன்னதும் அவர்கள் முகம் சுருங்கும். அவர்களுக்கு நான் ஆறுதல் சொல்லிவிட்டு வருவேன். ஆறு மாதம் அப்படி நடந்தது.

அதனால்தான் இந்தத் தடவை அவரையும் அம்மாவையும் தவிர உங்களிடம் மட்டும் சொன்னேன். ஐந்தாவது மாதம் வரைக்கும் வாயைத் திறக்காதீங்க என்று கையைப் பிடித்துக் கேட்டேன். உபதேசியார் வாசித்தபோது நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். எல்லாத் தலையும் திரும்பியது. என் வயிற்றைத்தான் பார்த்தார்கள், முகத்தை யாரும் பார்க்கவில்லை.

நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். இனி மலைப்பாதையில் ஏறவே கூடாது என்று வத்தலக்குண்டு டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதனால் நான் அங்கே வருவதாக இல்லை. இன்றைக்குப் பன்னிரண்டு வாரம் முடிந்திருக்கிறது. இன்னும் அந்தப் பதினான்கைத் தாண்ட வேண்டும்.

இதோடு ஐஸ் பெட்டியில் நான்கு உருளை மாவு வருகிறது. உங்களுக்காகச் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் வயிற்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மாவில் கை வைத்தால் கொஞ்ச நேரம் நினைப்பு அங்கே போகிறது. இங்கே ஒரு சின்ன ஓவன் இருக்கிறது, சுட்டுப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். பதில் எழுத வேண்டாம்.

ராஜகுமாரி


ஏழு ரோடு, கொடைக்கானல்
11-5-2025

ராஜி,

பதில் எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இது பதில் இல்லை, புகார்.

நேற்று சனிக்கிழமை. ஏழு ரோட்டில் எட்டாவது ரோடு போட்டாலும் பத்தாத கூட்டம். உன் மாவைக் கண்டதும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பட்டு மாதிரி, சில்லென்று. வெட்டினேன். ஒரு தட்டு நிறைய அடுக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் பேரிக்காய் ஜாமை வைத்து உள்ளே தள்ளினேன். ஐந்தாவது நிமிடம் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், எல்லாம் எழுந்து நிற்கிறது. ஏழாவது நிமிடம் ஒன்றின் தலை இன்னொன்றின் தோளில். ஒன்பதாவது நிமிடம் ஜாம் முழுக்க வழிந்து ஓவன் தரையில் விழுந்து பொசுங்க ஆரம்பித்தது. பன்னிரண்டாவது நிமிடம் எல்லாம் ஒன்றாக அமுங்கிப்போய், நடுவில் குழி விழுந்து, கசந்து கிடந்தது. ஜன்னல் வழியாகப் புகை. முத்துராஜ் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, "எங்கக்கா தீ?" என்றார். "தீ இல்லண்ணே, பிஸ்கட்டு" என்றேன். வரிசையில் நின்ற ஒரு பெண், "மிஸ்ட்டுன்னு நினைச்சு போட்டோ எடுத்துட்டேனே" என்று வருத்தப்பட்டாள்.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், வேண்டுமென்றே செய்தாயா? செய்திருந்தால் சொல்லிவிடு, நான் கோபப்பட மாட்டேன். நான்கு உருளைக்கு ஒரு பூசைச் சீட்டு, சரிக்குச் சரி என்று முடித்துக்கொள்வோம்.

முடியாது, இல்லையா. எனக்கும் தெரிகிறது. உன் கடிதத்தில் அந்த ஜெராக்ஸ் கடை இருக்கிறதே, அதைத் தாண்டித்தான் நான் தினமும் கடைக்கு வருகிறேன். இந்த மூன்று நாளாக அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கிறேன்.

சீட்டைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். "ஒரு குடும்பத்தின் கருத்துக்காக" என்று மட்டும் எழுதினால் போதும், எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். பிறகு, எந்தக் குடும்பம் என்று கடவுளுக்குக் குழப்பம் வந்துவிடுமோ என்று பயந்து உன் பேரை எழுதினேன். பேரை எழுதினதும் விஷயத்தையும் எழுதினால்தானே நன்றி முழுமையாகும் என்று தோன்றியது. கடைசியில் "இப்படிக்கு நாத்தனார் ஆக்ஸிலியா" என்று என் பேரையும் போட்டேன். கடவுளுக்கு என்னையும் தெரிய வேண்டாமா? புது மைக் வந்த சந்தோஷத்தில் கஸ்பார் அண்ணன் அதைச் செய்தி வாசிப்பது மாதிரி வாசித்துவிட்டார்.

வாந்தி நின்றுவிட்டதா? நின்றால் நல்லதா, கெட்டதா? சர்ச்சில் பூ வைக்கிற தெரசம்மாளிடம் கேட்கலாம் என்று கிளம்பிப் பாதி வழியில் திரும்பிவிட்டேன். திரும்பின இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நான் அப்படித் திரும்பினது அதுதான் முதல் முறை, வழியே புதிதாக இருந்தது.

ஆக்ஸிலியா


அய்யம்பாளையம்
15-5-2025

மதினிக்கு,

வேண்டுமென்று செய்யவில்லை. தப்பு என்னுடையது.

உங்கள் கடையில் நாம் போடும் அளவிலேயே முதலில் இங்கே போட்டேன். ஓவனில் இருந்து எடுத்தால் தட்டை மாதிரி கிடந்தது, எழும்பவே இல்லை. பேக்கிங் பவுடர் பழசு என்று நினைத்து இரண்டு மடங்கு போட்டேன். அழகாக எழும்பி வந்தது. அதே அளவில் உங்களுக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. மலையில் காற்று லேசு, கொஞ்சம் போட்டாலே எழும்பும். கீழே அது பத்தாது. மிஷன் பங்களாவில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மலைக்கென்று குறைத்த அளவு அது. பத்து வருடமாக அதுதான் உலகத்துக்கே அளவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்று அனுப்பியிருப்பது பழைய அளவில் செய்தது. இங்கே சுட்டுப் பார்த்தால் தட்டையாகத்தான் வரும், அங்கே சரியாக வரும். சுட்டுப் பார்க்காமல் அனுப்புகிறேன்.

நீங்கள் எழுதியிருந்த "தீ இல்லண்ணே, பிஸ்கட்டு" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை. அம்மா அடுப்படியில் இருந்து ஓடிவந்து, "என்னத்தடி இப்படிச் சிரிக்கே, வயிறு குலுங்குது" என்றார். உடனே நிறுத்திவிட்டேன். அதன் பிறகு சாயங்காலம் வரைக்கும் நூறு தடவை பாத்ரூம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். போன தடவை வளையல் வாங்கிவந்த அன்று நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் போய்விட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா சொல்கிறார். எனக்கும் தெரியும். தெரிந்தாலும் பயம் போகவில்லை.

ஆகவே வேடிக்கையாக எழுதாதீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். பூசைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, தெரசம்மாள் அக்கா என்னைப் பார்த்து, "காப்பி குடிக்கிறத விட்டுட்டியாமே, நல்லது நல்லது" என்றார். சீட்டு வாசித்தது ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு எப்படித் தெரியும்?

இன்று பதின்மூன்று வாரம் முடிந்தது.

ராஜகுமாரி


ஏழு ரோடு, கொடைக்கானல்
18-5-2025

ராஜி,

மாவு சரியாக வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு அப்புறம் வருவது எதுவும் நன்றாக இருக்காது.

தெரசம்மாளிடம் நான்தான் சொன்னேன். சீட்டு கொடுப்பதற்கு நான்கு நாள் முன்பு. நீ என்னிடம் சொல்லி இரண்டே நாள் ஆகியிருந்தது. பீடத்துக்குப் பூ வைக்கப் போன இடத்தில், "யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்று சொல்லித்தான் சொன்னேன். அவரும் அப்படியே சொல்லித்தான் மற்றவர்களிடம் சொல்லியிருப்பார். ஆக, கஸ்பார் அண்ணன் வாசித்தபோது திரும்பின தலைகளில் பாதிக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். இரண்டு கடிதமாக இதை மறைத்தேன். பழி முழுவதையும் புது மைக்கின் தலையில் போட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.

வேடிக்கையாக எழுதாதே என்றாய். முயற்சி செய்கிறேன். பேனா அந்தப் பக்கமே இழுக்கிறது, பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

போன தடவை உனக்குப் போனபோது நான்தான் கூட இருந்தேன். அந்தப் போர்வையை நான்தான் துவைத்தேன். தெருக் குழாயில் வேண்டாம் என்று ஓடை வரைக்கும் கொண்டுபோய்த் துவைத்தேன். வழியில் மூன்று பேர் என்ன துணி என்று கேட்டார்கள். ஜாம் கொட்டிவிட்டது என்றேன். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் கூட. அதனால் என்னால் அடக்க முடியும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். இந்தத் தடவை நீ என் கையைப் பிடித்துச் சொன்னபோது சத்தியமாக அடக்கத்தான் நினைத்தேன். இரண்டு நாள் தாங்கியது. மாவு வெட்டும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அத்தை, அத்தை என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம். நம் இரண்டு வீட்டிலும் என்னை அத்தை என்று கூப்பிட இன்னும் ஒருத்தரும் பிறக்கவில்லை. அதைச் சொன்னால் நீ இரக்கப்பட்டு மன்னித்துவிடுவாய் என்பதற்காகத்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இப்போதும் அதற்காக எழுதவில்லை. நீ கேட்டாய், காரணம் இதுதான்.

மன்னிக்காதே. ஆனால் சிரித்ததற்காகப் பயப்படாதே. அதுவும் என்னால் வந்தது என்று ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது.

உனக்குப் பதினான்கு முடிகிற வியாழக்கிழமை எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆக்ஸிலியா


அய்யம்பாளையம்
22-5-2025, வியாழன்

மதினிக்கு,

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். கோபம் போகவில்லை. ஓடைக்குப் போனது எனக்குத் தெரியாது.

இன்று பதினான்கு வாரம். காலையில் இருந்து அடிவயிறு இழுக்கிற மாதிரி இருக்கிறது. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்ததா என்று யோசித்து யோசித்து, எது அன்றைய வலி, எது இன்றைய வலி என்றே தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. அவருக்கு பி.பி. ஏறிவிடும்.

இந்த வாரம் மாவு இல்லை. உட்கார முடியவில்லை.

உங்கள் நம்பருக்குப் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டிருக்கிறேன். நீங்கள் கூப்பிட வேண்டாம். நான் கூப்பிட்டால் எடுங்கள். கூப்பிட்டால் அது மாவுக்காக இருக்காது.

ராஜகுமாரி


திண்டுக்கல், ஆஸ்பத்திரி, கீழ்த்தள பெஞ்சு
24-5-2025, சனிக்கிழமை, பகல் பதினொன்றரை

ராஜி,

இதை நர்ஸ் தாரணியிடம் கொடுத்துவிடுகிறேன். உள்ளே ஒருத்தர்தான் இருக்கலாமாம், அது உன் அம்மாதான் என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். நான் இங்கே கீழே இருக்கிறேன் என்பது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும்.

காலை ஆறு மணிக்கு உன் பேர் போனில் வந்ததும் எடுத்துவிட்டேன். நீ சொன்னது இரண்டே வார்த்தை, "மதினி, படுது." ரத்தம்தான் என்று புரிந்துவிட்டது. அப்புறம் உன் அம்மா போனை வாங்கி எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னார். ஓவனில் ஒரு தட்டு இருந்தது. அணைத்தேனா, எடுத்தேனா, நினைவில்லை. அணைத்திருப்பேன். ஜன்னலில் "இன்று இல்லை" என்று மட்டும் எழுதி மாட்டினேன். சீசன் சனிக்கிழமை. முத்துராஜ், "என்னக்கா, என்ன ஆச்சு?" என்று பின்னாலேயே வந்தார். "கீழ ஒரு சோலி" என்றேன். அவ்வளவுதான். பொன்னுவேல் பஸ்தான் கிடைத்தது. வத்தலக்குண்டு வரைக்கும் நான் பேசவே இல்லை. அவர் மூன்று தடவை வந்து, "அக்கா, ஒடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் பயந்துபோய் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆண்டனியின் போன் காலையில் இருந்து கிடைக்கவில்லை. இப்போதுதான் எடுத்தான். டூரிஸ்டுகளை மன்னவனூரில் வேறு வேனில் ஏற்றிவிட்டு வருகிறான். மெதுவாக ஓட்டு என்று மட்டும் சொன்னேன்.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு அம்மா. உட்கார்ந்ததும், "உள்ள யாருங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை, என் முழங்காலுக்கு வந்திருக்கேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரமாக என் முழங்காலுக்கு எண்ணெய் சொல்லிக்கொண்டிருக்கிறார். எந்த முழங்கால் என்று கேட்டார், வலது என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார், இடது என்றேன். இரண்டுக்கும் எண்ணெய் போடச் சொல்லிவிட்டார்.

வேடிக்கையாக எழுதாதே என்றாய், எழுதிவிட்டேன். வேறு மாதிரி எழுத இப்போது வரவில்லை ராஜி. மாடிப்படியில் யார் இறங்கி வந்தாலும் முகத்தைப் பார்க்காமல் காலைத்தான் பார்க்கிறேன். வேகமாக இறங்கினால் எழுந்துவிடுகிறேன், மெதுவாக இறங்கினால் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

கஸ்பார் அண்ணனுக்கு ஒரு போன் போட்டால் போதும், பங்குச் சனம் மொத்தமும் முழங்கால் போட்டு உனக்காகச் செபிக்கும். இரண்டு தடவை அவர் நம்பரை எடுத்தேன், வைத்துவிட்டேன். நான் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒருத்தி, அதுவும் என்னை மாதிரி ஒருத்தி கேட்டால் மேலே கேட்குமா என்று தெரியவில்லை. கேட்காமல் போய், அவர்களைக் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்குமோ என்று வந்தால் என்ன செய்வேன்? நீயே சொல், கூப்பிடவா, வேண்டாமா?

ஆக்ஸிலியா


மாடி, பெண்கள் வார்டு
பகல் இரண்டு மணி

மதினி,

யாரையும் கூப்பிட வேண்டாம்.

இப்போதுதான் ஸ்கேன் முடிந்து கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். துடிப்பு இருக்கிறது. இங்கே இருக்கிற டாக்டரம்மா சத்தத்தை வைத்துக் கேட்கச் சொன்னார். தையல் மிஷினை யாரோ அவசரமாக மிதிக்கிற மாதிரி இருந்தது. படுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. பத்து நாள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இனிமேல் ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். கூட இருப்பவர் பேர், என்ன உறவு என்று எழுத வேண்டும். அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது, அவரால் இருக்க முடியாது. உங்கள் பேரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் நாத்தனார் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். அதை அடித்துவிட்டு, பிள்ளையின் அத்தை என்று எழுதியிருக்கிறேன். பிள்ளை என்று என் கையால் எழுதியது இதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேனாவை மூடாமல் இருந்தேன். நர்ஸ் தாரணிதான், "மை கொட்டுதுக்கா" என்று வாங்கி வைத்தாள்.

அம்மா கீழே இறங்குகிறார். மெதுவாகத்தான் இறங்குவார், மூட்டு வலி, நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். அவரிடம் பாஸை வாங்கிக்கொண்டு மேலே வாருங்கள். பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறார்கள், சத்தம் போட்டு அழக்கூடாது.

ராஜி